பச்சைப் பொத்தானும் சிவப்புத் துணியும்

ஆயிரத்து நூற்று முப்பத்தெட்டு ஆய்வுக் கட்டுரைகள். அவ்வளவையும் தேடி எடுத்து, தலைப்பைப் பார்த்துக் கழித்து, சுருக்கத்தைப் படித்துக் கழித்து, கடைசியில் முழுசாகப் படிக்க மிஞ்சியவை பதினொன்று. கம்போங் ராஜா என்ற மலை ஊருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து விருந்தினர் பங்களாவில், ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு அந்தப் பதினொன்றையும் படித்து முடித்தபோது எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவே இல்லை.

நான் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று. தோட்டத்தில் மருந்து அடிக்கப் போகிறார்கள் என்று கைபேசியில் எச்சரிக்கை அனுப்பினால், ஆட்கள் அந்த இடத்தை விட்டு வெளியே போகிறார்களா, இல்லையா? ஒன்பது கட்டுரைகள், "இப்படி ஒரு செயலியைப் பயன்படுத்த உங்களுக்கு விருப்பமா?" என்று கேட்டிருந்தன. மிகவும் விருப்பம், ஓரளவு விருப்பம் என்று டிக் அடித்தவர்களைக் கூட்டிப் பெருக்கி, கடைசிப் பக்கத்தில் செயலி பயனுள்ளது என்று எழுதியிருந்தன. மீதி இரண்டும் மேனேஜர்களைக் கேட்டிருந்தன. ஒரு புண்ணியவானாவது செடிகளுக்கு நடுவே போய் நின்று, எச்சரிக்கை வந்ததும் எத்தனை பேர் நகர்ந்தார்கள் என்று எண்ணிப் பார்க்கவில்லை.

மருத்துவத்தில் இந்தக் கூத்து நடக்காது. மாத்திரையை விழுங்க விருப்பமா என்று கேட்டுவிட்டு, மாத்திரை நோயைக் குணப்படுத்துகிறது என்று எழுதினால் அடிக்க வந்துவிடுவார்கள். இதுவரை நடந்த சோதனைகளையெல்லாம் திரட்டி, தரம் பார்த்து, தேறியதை மட்டும் வைத்து முடிவெடு என்பது அவர்களுக்குப் பழகிப்போன ஒழுங்கு. கணினித் திட்டங்களுக்கும் அதே ஒழுங்கு வேண்டும் என்று பல்கலைக்கழகத்தில் ஏழெட்டு வருடமாகத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கிறேன். யோகேஸ்வரி வந்தால் ஆதாரம் கேட்டு உயிரை எடுப்பாள் என்று சக விரிவுரையாளர்கள் கூட்டத்தில் பக்கத்து நாற்காலியைக் காலியாக விட்டுவிடுவார்கள்.

இந்தத் தோட்டத்துக்கு நான் வந்ததும் ஆதாரம் கேட்கத்தான்; இங்கே ஓடும் ஒரு செயலியைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடத் தலைமை அலுவலகம் என்னைக் கூப்பிட்டிருந்தது. மேனேஜர் குணாளன் நல்ல மனுஷன். ஆட்கள் இன்னமும் அவரைத் துரை என்றுதான் கூப்பிடுகிறார்கள், அவர் கூச்சப்பட்டுக்கொண்டே திரும்பிப் பார்ப்பார். மூன்று மாதமாக அவர் தோட்டத்தில் ஒரு செயலி ஓடுகிறது. எந்த பிளாக்கில் மருந்து அடிக்கப் போகிறார்களோ, அங்கே கொழுந்து எடுக்கும் நாற்பது பேரின் கைபேசிக்கும் எச்சரிக்கை போகும். "படித்தேன், வெளியேறுகிறேன்" என்று ஒரு பச்சைப் பொத்தான் வரும். அமுக்கினால் அலுவலகத்துத் திரையில் அந்த ஆளின் பெயர் பச்சையாகிவிடும்.

அதற்கு முன்பிருந்தே அங்கே இருப்பது சிவப்புத் துணி. மருந்து அடிக்கும் முன் கங்காணி ஒரு கம்பில் சிவப்புத் துணியைக் கட்டி செடி வரிசையின் வாயில் நட்டுவிடுவார். மருந்து காய்ந்து அவர் பிடுங்கும்வரை யாரும் உள்ளே போகக் கூடாது, அவ்வளவுதான். இப்போது அந்தத் துணியை நிறுத்தப் போகிறார்கள். வருகிற திங்கட்கிழமையிலிருந்து செயலி மட்டும்.

"ரெண்டும் இருக்கட்டுமே" என்றேன் முதல் நாளே.

"முடியாது டாக்டர். ஆப் கம்பெனி கைட்புக்ல தெளிவா போட்டிருக்கு. பழைய முறைய நிறுத்தலன்னா ஆளுங்க புதுசுக்கு மாற மாட்டாங்களாம். அதுவும் இல்லாம, துணிக்கு ரெக்கார்ட் இல்ல. ஆடிட் வர்றவன்கிட்ட துணியவா காட்டுறது? நீங்க வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு சைன் போட்டுக் குடுத்தா போதும் லா."

"எதை வெச்சு சைன் போட?"

அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். ஒரு பச்சைக் கடல். மூன்று மாதமாக ஒவ்வோர் எச்சரிக்கைக்கும் நாற்பதில் முப்பத்தொன்பது பேர், நான்கு நிமிடத்துக்குள் பதில். ஒரே ஒரு பெயர் மட்டும் சிவப்பு: மலர். அந்தப் பெயரை அச்சடித்து, "எச்சரிக்கையை மதிக்காதவர்" என்று அலுவலக வாசலில் ஒட்டியும் வைத்திருந்தார்கள்.

"இதோட ஒரு ஆராய்ச்சியும் இருக்கு டாக்டர். தொண்ணூத்தொரு பெர்சன்ட் ஆளுங்க எச்சரிக்கைய மதிப்பாங்கன்னு யூனிவர்சிட்டியில நிரூபிச்சிருக்காங்க. கம்பெனி புரோஷர்ல போட்டிருக்கு."

"எந்த ஆராய்ச்சி? யார் செஞ்சது?"

"ஃபைல்ல இருக்கும். நாளைக்கு எடுத்துத் தர்றேன்."

அந்த நாளை, செவ்வாய், புதன், வியாழன் என்று போய்க்கொண்டே இருந்தது. கேட்டுக் கேட்டு எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

நேரத்தைப் போக்க வேண்டுமே என்று அலுவலகப் பிரேமலாவிடம் மூன்று மாதப் பதிவுகளை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க ஒன்று உறுத்தியது. எச்சரிக்கை போனதும் முதலில் பச்சையாகிறவர் எப்போதும் வேலாயி. அவருக்கு ஐந்து விநாடி கழித்து நாகரத்தினம். இன்னும் ஐந்து விநாடியில் சீதா. ஒவ்வொரு தடவையும் அதே வரிசை, ஏறக்குறைய அதே இடைவெளி. நாற்பது பேர் தனித்தனியாக ஒரு செய்தியைப் படித்தால் இப்படியா வரும்? யாரோ ஒரு ஆள் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நடந்துபோகிற மாதிரி அல்லவா இருக்கிறது?

வியாழன் காலை பதினாலாம் பிளாக்குக்கு இறங்கினேன். அது ஒரு பள்ளம். மேலே சாலையில் கோலா தெர்லாவிலிருந்து காய்கறி ஏற்றி வந்த லோரிகள் வரிசையாக முனகிக்கொண்டிருந்தன. கீழே போகப் போக அந்தச் சத்தம் தேய்ந்தது, கூடவே என் கைபேசியில் இருந்த சிக்னல் கோடுகளும் ஒவ்வொன்றாகத் தேய்ந்து காணாமல் போயின.

கங்காணி தங்கராஜு மழைக்கோட்டோடு நின்றிருந்தார். "இங்க லைன் கிடைக்காதா?" என்று கேட்டேன்.

"பள்ளத்துல ஏது லைன்? எல்லா பிளாக்கும் இப்படித்தான், மேட்டுக்குப் போனாத்தான்."

"அப்ப எச்சரிக்கை எப்படி வருது?"

"எச்சரிக்கையா? அது ஹேண்ட்போனுக்கு வருது" என்றார், இதுகூடத் தெரியாதா என்கிற முகத்தோடு.

"ஹேண்ட்போன் எங்க?"

"ஆயா கொட்டகையில."

கேட்டதும் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. சாரல் விடாத மலையில், இரண்டு கையும் கொழுந்து வெட்டும் கத்திரியைப் பிடித்திருக்கும்போது, கைபேசியை யார் இடுப்பில் செருகிக்கொண்டு திரிவார்கள்? நனைந்து போகும், சரிவில் விழுந்து உடையும். அதனால் காலையில் பிள்ளைகளை விடும்போதே கைபேசியையும் விட்டுவிட்டு வருகிறார்கள். பிள்ளை இல்லாதவர்களும்தான். மேட்டில் இருக்கிற கொட்டகை, சார்ஜ் போடவும் வசதி. எல்லாருக்கும் தெரிந்த விஷயம். திரையைப் பார்த்துக்கொண்டிருந்த குணாளனுக்கும் எனக்கும்தான் தெரியாது.

மேட்டுக்கு ஏறினேன். பிள்ளை பார்க்கும் ஆயா நாகமணி, ஒரு குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். உள்ளே ஒரு நீளப் பலகை. அதன்மேல் கியா பார்ம் கடைகளில் ஸ்ட்ராபெர்ரி போட்டு விற்கிற பிளாஸ்டிக் பெட்டிகள், பெட்டிக்குள் கைபேசிகள். வீட்டு நம்பர்படி அடுக்கியிருந்தாள். முதல் பெட்டி ஒன்றாம் நம்பர் வீட்டு வேலாயி, இரண்டாவது நாகரத்தினம், மூன்றாவது சீதா.

"எச்சரிக்கை வந்தா என்ன செய்வீங்க?"

"அந்தச் சனியனா?" என்றாள் நாகமணி. "முப்பத்தொம்போது போனும் ஒண்ணா ஊளையிடும்மா. அப்பத்தான் பத்து புள்ளையும் தூங்கியிருக்கும். ஒண்ணு முழிச்சா எல்லாம் முழிச்சிக்கும். அந்தப் பச்சைய அமுக்கினாத்தான் வாய மூடுது. வேற யாராச்சும்னா பத்து நிமிசம் ஆவும். நான் நாலே நிமிசத்துல முடிச்சிருவேன், தெரியுமா?"

அவளுக்கு அதில் ஒரு பெருமை. பெருமை இருக்காதா பின்னே? தலைமை அலுவலகம் வரை போய்ச் சேர்ந்த சாதனை அல்லவா. நான் சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தேன், பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அந்தப் பச்சைக் கடல் முழுவதும் ஒரு பெண் பிள்ளைகளைத் தூங்கவைத்த கணக்கு. அதை நம்பி, திங்கட்கிழமை துணியை எடுக்கப் போகிறார்கள்.

"மலர் போன் எங்க?"

"அவ மட்டும் குடுக்க மாட்டா. மாசமா இருக்கா இல்ல, அஞ்சு மாசம். புருசன் லோரி ஓட்டுறான். மேட்டுக்கு வர்றப்ப அவன்கிட்ட பேசணும்னு மடியிலயே வெச்சிருப்பா."

ஆக, கைபேசியைத் தன்னோடு வைத்திருக்கும் ஒரே ஆள் மலர். பள்ளத்தில் லைன் இல்லாததால் எச்சரிக்கை போய்ச் சேராத ஒரே கைபேசியும் அவளுடையதுதான். உண்மையைச் சொன்ன ஒரே பதிவை எடுத்து, மதிக்காதவர் என்று வாசலில் ஒட்டியிருக்கிறார்கள். துணி போய்விட்டால் நாற்பது பேரும் மருந்து அடித்த வரிசைக்குள் நுழைவார்கள், வயிற்றில் பிள்ளையோடு அவளும். எனக்கு அப்போது வந்தது வெறும் எரிச்சல் இல்லை, பயம்.

நேராகக் குணாளனிடம் போய்ச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பொறுமையாகக் கேட்கிறவர்களிடம்தான் எனக்கு அதிகம் கோபம் வருகிறது.

"ஆயாவக் கூப்பிட்டு வேணாம்னு சொல்லிர்றேன். போன அவங்கவங்க கையில வெச்சுக்கச் சொல்லி ஆர்டர் போட்டுர்றேன். முடிஞ்சுச்சு."

"பள்ளத்துல லைன் இல்லையே."

"டவர் கேட்டு எழுதியிருக்கோம்."

"எப்ப எழுதினீங்க?"

"போன வருசம்" என்றார்.

இனி வாயால் பேசிப் பயனில்லை என்று தெரிந்தது. "நாளைக்குப் பதினாலாம் பிளாக்ல மருந்து அடிக்கிறீங்க இல்ல? வாங்க, ரெண்டு பேரும் போய் நிப்போம். மொதல்ல ஆப், அப்புறம் துணி. யாருக்கும் முன்கூட்டியே சொல்லக் கூடாது. ஆள் வெளியே வந்தப்புறம்தான் மருந்து" என்றேன். அவர் ஒப்புக்கொண்டார். நல்ல மனுஷன் என்று சொன்னேனே.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வரிசையின் வாயில் நின்றோம். மருந்து டாங்கியை முதுகில் மாட்டிய இரண்டு பேர் சாலையிலேயே காத்திருந்தார்கள். குணாளன் கையில் வாக்கி டாக்கி, கக்கத்தில் அந்த ஃபைல். தங்கராஜு மட்டும் முறைத்துக்கொண்டிருந்தார், துணியைச் சுருட்டி மழைக்கோட்டுக்குள் வைத்துக்கொள்ளச் சொன்னதில் அவருக்கு ஏகக் கோபம்.

"அனுப்பு பிரேமலா" என்றார் குணாளன்.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பள்ளத்தில் நாற்பது பேரும் குனிந்த தலை நிமிராமல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு நிமிடம். கத்திரிகளின் சத்தம். இரண்டு நிமிடம். யாரோ யாரையோ கிண்டல் செய்ய, ஒரு சிரிப்பு. நான்கு நிமிடம் ஆவதற்குள் வாக்கி டாக்கி கொறகொறத்தது.

"சார், முப்பத்தொம்போது பேரும் பச்சை. எல்லாரும் வெளியாயிட்டாங்க. மலர் மட்டும்தான் இன்னும் சிவப்பு."

எங்கள் கண் முன்னால் ஒரு தலைகூட நகரவில்லை. நான் குணாளனைப் பார்த்தேன். அவர் வாக்கி டாக்கியைப் பார்த்தார், அது என்னவோ துரோகம் செய்துவிட்ட மாதிரி.

"இப்ப துணி" என்றேன்.

தங்கராஜு கோட்டுக்குள்ளிருந்து துணியை உருவி, கம்பில் கட்டி, வரிசையின் வாயில் ஓங்கிக் குத்தினார். முதலில் பார்த்தது வேலாயி. "ஏய், மருந்து!" என்று ஒரு குரல் கொடுத்தாள். கூடைகள் எழுந்தன, கத்திரிகள் மடங்கின. ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டும் திட்டிக்கொண்டும் மேலே ஏறினார்கள். நடுவில் மலரை ஒருத்தி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். மூன்று நிமிடத்தில் பிளாக் காலி. நாற்பது பேரையும் விரல் விட்டு எண்ணினேன். இரண்டு தடவை எண்ணினேன்.

"பார்த்தீங்களா?" என்றேன். என் குரலில் வெற்றிக் களிப்பு வழிந்திருக்க வேண்டும்.

"பார்த்தேன்" என்றார் குணாளன். "ஆனா டாக்டர், இது ஒரு தடவதானே? நீங்கதானே சொல்லிட்டே இருக்கீங்க, ஒரு சம்பவம் ஆதாரம் ஆகாதுன்னு. ஹெட் ஆபீஸ்ல கேப்பாங்க, ஒரு நாள் நடந்தத நம்புறதா, பதிப்பிச்ச ஆராய்ச்சிய நம்புறதா?"

பல்லைக் கடித்தேன். நான் சொன்னதையே எனக்குத் திருப்பிக் கொடுக்கிறார், அதுவும் சரியாகக் கொடுக்கிறார். "அந்த ஆராய்ச்சி எங்க சார்? நாலு நாளா கேக்கிறேன். எவன் எழுதினது? யாரை வெச்சு எழுதினான்? இந்த மாதிரி அரைவேக்காட்டுக் கட்டுரைங்களாலதான் இந்தத் துறையே நாறிப் போய்க் கிடக்கு."

"கோபப்படாதீங்க, இன்னிக்குக் கொண்டாந்திருக்கேன்" என்று ஃபைலைப் பிரித்தார். பளபளக்கும் தாள். மேலே பெரிய எழுத்தில் தொண்ணூற்றொரு சதவீதம். கீழே எறும்பு ஊர்வது போல் ஒரு அடிக்குறிப்பு. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தேன்.

என் பெயர் இருந்தது.

ஒன்பது வருடத்துக்கு முந்தைய மாநாட்டுக் கட்டுரை. எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. குளிரூட்டிய கணினி அறையில் என் இரண்டாம் ஆண்டு மாணவர்கள் அறுபத்து நாலு பேர். நிரந்தர வேலை கிடைக்க ஒரு கட்டுரை குறைந்தது, எனக்கு அவசரம். "ஆபத்து எச்சரிக்கை வந்தால் அதன்படி நடப்பீர்களா?" என்று கேட்டேன். வகுப்பெடுக்கிற டீச்சர் கேட்கிறாள், பிள்ளைகள் என்ன சொல்வார்கள்? ஐம்பத்தெட்டுப் பேர் ஆமாம் என்றார்கள். அந்த வாரமே எழுதி அனுப்பிவிட்டேன். இந்தத் தடவை என் தேடலில் அது ஏன் வரவில்லை என்பதும் தெரிந்தது. கடந்த எட்டு வருடக் கட்டுரைகள் போதும் என்று எல்லை போட்டவளும் நான்தான். தெரிந்தே போட்டேனா? தெரியாது. அதுதான் எனக்கு வெட்கமாக இருந்தது.

"இந்த யோகேஸ்வரி..." என்று ஆரம்பித்த குணாளன் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

மேலே வந்து நின்றிருந்த வேலாயி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். ஐம்பது வயதிருக்கும், தலையில் கட்டிய துண்டிலிருந்து நீர் சொட்டியது.

"என்ன தொர, பேப்பர்ல என்ன போட்டிருக்கு?"

"எச்சரிக்கை குடுத்தா நூத்துக்குத் தொண்ணூத்தொரு பேரு வெளிய வந்துருவாங்கன்னு" என்றார் குணாளன் மெதுவாக.

"யாரு வந்தாங்களாம்?"

அவர் என்னைப் பார்த்தார். பதில் சொல்ல வேண்டியவள் நான். "யாரும் வரல. என் மாணவங்ககிட்ட கேட்டேன். வருவோம்னு சொன்னாங்க."

"அவங்க கொழுந்து எடுக்கிறவங்களா?"

"இல்ல."

வேலாயி கோபப்படவில்லை. "தொணி இருக்குமா, போயிருமா? அத மட்டும் சொல்லுங்க. நாங்க வேலைக்குப் போவணும்."

புரோஷரைச் சாலையோரம் நின்ற குணாளனின் காரின் மேல் வைத்து, என் பெயருக்குப் பக்கத்திலேயே எழுதினேன்: இந்த ஆய்வு இதை நிரூபிக்கவில்லை. ஆதாரமாகப் பயன்படுத்தக் கூடாது. கையெழுத்துப் போட்டுக் குணாளனிடம் நீட்டினேன். "நீங்க கேட்ட சைன்" என்றேன். "துணிய எடுக்கக் கூடாது. இனிமே ஒவ்வொரு தடவ மருந்து அடிக்கும்போதும் இதே மாதிரி நின்னு எண்ணுவோம். பன்னெண்டு தடவ. மூணு மாசம் ஆகும், ஆகட்டும். அதுக்கப்புறம் ஹெட் ஆபீஸுக்கு நானே வந்து பேசுறேன்."

குணாளன் அந்தத் தாளை ஃபைலில் செருகினார். பிறகு வாக்கி டாக்கியை எடுத்தார். "பிரேமலா, திங்கக்கிழம சர்குலர நிறுத்து. வாசல்ல மலர் பேரு ஒட்டியிருக்கு பாரு, அதையும் கிழிச்சிரு."

எனக்கு மூச்சு வந்தது. ஆனால் வேலாயி இன்னும் போகவில்லை.

"பன்னெண்டு தடவயா?" என்றாள். "ஏம்மா, ரூமுக்குள்ள உக்காந்திருந்த புள்ளைங்க வர்றோம்னு வாயால சொன்னத ஒரே தடவயில நம்பிட்டீங்க. நாங்க நாப்பது பேரு உங்க கண்ணு முன்னாலயே வெளிய வந்து நிக்கிறோம். எங்கள நம்புறதுக்குப் பன்னெண்டு தடவ வரணுமா?"

பன்னிரண்டு ஏன் தேவை என்பதற்கு என்னிடம் காரணம் இருக்கிறது, வகுப்பில் ஒரு மணி நேரம் பேசுவேன். அவள் கூடையை மாட்டிக்கொண்டு பதினைந்தாம் பிளாக்குப் பக்கம் நடந்தாள், மற்றவர்களும் பின்னால் போனார்கள். மலர் மட்டும் மேட்டில் நின்று, புருஷனுக்குப் போன் போட்டுச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

பங்களாவுக்குத் திரும்பியதும் அறிக்கையைத் திறந்தேன். நிராகரித்த கட்டுரைகளுக்கு அதில் ஒரு பட்டியல் உண்டு. தேடல் எல்லையை அழித்துவிட்டு, அந்தப் பட்டியலின் முதல் வரிசையில் என் பெயரை எழுதினேன். நிராகரித்ததற்கான காரணம் என்ற கட்டத்தில் துறைக்காரர்கள் எழுதுகிற நீளமான சொற்கள் நாலைந்து எனக்குத் தெரியும். அவற்றை விட்டுவிட்டு, கொழுந்து எடுக்கிறவர்களைக் கேட்கவில்லை என்று எழுதினேன்.